பனித்தரையில் ஒரு பெருவீரர்: மோரீஸ் ரிஷார்

ஹாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டினரின் மனக்கண் முன் தோன்றுவது பசும்புல் மைதானமும், வளைந்த கோலும், வெண்ணிறப் பந்துமே ஆகும். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் தொடங்கி 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் வரையில், ஒலிம்பிக் பந்தயங்களில் தொடர்ந்து ஆறு முறை தங்கப் பதக்கம் வென்ற நாட்டினர் நாம். ஆதலால் நமக்கு அவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. ஆனால், கனடா நாட்டில் அச்சொல்லின் பொருள் வேறு. ஆண்டில் பல மாதங்கள் ஆறுகளும் ஏரிகளும் உறைந்து கிடக்கும் அந்நாட்டில், ஹாக்கி என்றாலே பனிக்கட்டியின் மீது சறுக்கிச் சென்று ஆடும் ஆட்டம் என்றுதான் கொள்வார்கள். நம் நாட்டிலும் சிம்லாவின் திறந்தவெளிப் பனித்தரையிலும், லடாக்கில் உறைந்த குளங்களிலும் இவ்வாட்டத்தைக் காணலாம். வடக்கே வாழும் நம் அன்பர்களிற் சிலர் அதனை நேரிற் கண்டும் இருப்பார்கள்.

அவ்வாட்டத்தில் ஒப்பற்ற புகழ் பெற்றவர் மோரீஸ் ரிஷார் என்பவர். அவர் எத்தனை கோல் போட்டார் என்பதைக் கூறி முடித்தால் அது விளையாட்டுச் செய்தியாகவே நின்றுவிடும். ஒரு மொழி பேசும் மக்கள், தம் சொந்த ஊரிலேயே தாழ்ந்து கிடப்பதாக உணர்ந்திருந்த காலத்தில், ஓர் ஆட்டக்காரரிடம் தம்மையே கண்டனர் என்பதும், அவருக்கு விதிக்கப்பட்ட ஒரு தண்டனை பெருநகரத்தையே கலங்கச் செய்தது என்பதுமே நாம் இங்கு ஆராய விரும்பும் பொருளாகும்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். ஆடுகளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனித்தரை. அதனைச் சுற்றிலும் இடுப்பளவுக்கு மேல் உயர்ந்த பலகைத் தடுப்பு இருக்கும். ஓர் அணிக்கு ஒரே சமயத்தில் அறுவர் ஆடுவர். அவருள் ஒருவர் கோல் காவலர். பந்துக்குப் பதிலாக, 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் உள்ள கெட்டி ரப்பர் வட்டு ஒன்றை ஆட்டக்காரர்கள் தம் மட்டையால் தள்ளியும் அடித்தும் செல்வர். கோலின் அகலம் 6 அடி, உயரம் 4 அடி. இருபது இருபது நிமிஷங்களாக மூன்று பகுதிகள் ஆட்டம் நடைபெறும். காலில் எஃகு விளிம்பு பொருத்திய சறுக்குக் காலணி இருப்பதால் ஆட்டக்காரர்கள் கடுவேகத்தில் பாய்வார்கள். தோளால் மோதி எதிரியைத் தள்ளுவதற்கு விதிகளே இடந்தருகின்றன. ஆகவே, பல் உடைவதும் எலும்பு முறிவதும் அந்நாளில் சர்வ சாதாரணம். 1959ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜாக் பிளாண்ட் என்னும் கோல் காவலர் முகமூடி அணிந்து ஆடத் தொடங்கும் வரையில், கோல் காவலர்கள்கூட வெறும் முகத்துடனேயே அந்த ரப்பர் வட்டை எதிர்கொண்டனர்.

இனி, ரிஷார் பிறந்த நகரத்தைக் காண்போம். கியூபெக் மாகாணத்திலுள்ள மாண்ட்ரியால் நகரமே அந்நாளில் கனடாவின் மிகப் பெரிய நகரம். பிரான்ஸ் நாட்டிலிருந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே அம்மாகாணத்து மக்களிற் பெரும்பாலோர். 1763ஆம் ஆண்டு ஏற்பட்ட பாரிஸ் உடன்படிக்கையின்படி அந்நிலப்பகுதி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மக்கள் தம் பிரெஞ்சு மொழியையும் கத்தோலிக்க சமயத்தையும் கைவிடவில்லை. எனினும், வங்கிகளும் ரயில்வேக்களும் பெருந்தொழில்களும் ஆங்கிலம் பேசுவோர் வசமே இருந்தன. தொழிற்சாலையில் மேலதிகாரி ஆங்கிலத்தில் ஆணையிடுவார். தொழிலாளி பிரெஞ்சு மொழியில் தனக்குள் முணுமுணுத்துக்கொள்வார். பெரிய கடைகளில்கூடத் தம் மொழியில் பேசிப் பொருள் வாங்க இயலவில்லை என்பது பிரெஞ்சு மொழியினரின் நெடுநாளைய மனக்குறை.

இத்தகைய நகரத்தில், 1921ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4ஆம் தேதி மோரீஸ் ரிஷார் பிறந்தார். அவருடைய பெற்றோர் கீழ்த்திசைக் கடற்கரையிலுள்ள காஸ்பே பகுதியிலிருந்து பிழைப்பை நாடி மாண்ட்ரியாலுக்கு வந்தவர்கள். தந்தையார் மரவேலை அறிந்தவர். பின்னர் ரயில்வே தொழிற்சாலையில் பணியாற்றினார். எட்டுக் குழந்தைகளில் மூத்தவர் மோரீஸ். நான்கு வயதிலேயே அவர் காலில் சறுக்குக் காலணி ஏறிவிட்டது. தந்தையார் வீட்டின் பின்புறம் நீரை ஊற்றி உறையவைத்து அமைத்துக் கொடுத்த சிறு பனித்தரையும், அருகில் உறைந்து கிடந்த ஆறுமே அவருடைய பள்ளிக்கூடங்கள். பதினாறு வயதில் உண்மையான பள்ளிக்கூடத்தை விட்டு, தந்தையாருடன் இயந்திரத் தொழிலாளியாக வேலைக்குச் சேர்ந்தார். ஆட்டத்தின் மீது கொண்ட தணியாத வேட்கையால், ஒரே பருவத்தில் பல அணிகளில் ஆடுவதற்காக வேறு பெயர் வைத்துக்கொண்டு ஆடியதும் உண்டு.

தொடக்கத்தில் அவரைத் துரதிருஷ்டம் விடாது துரத்தியது. 1940ஆம் ஆண்டில் கணுக்கால் முறிந்து ஒரு பருவம் முழுவதும் வீணாயிற்று. அடுத்த ஆண்டில் மணிக்கட்டு முறிந்தது. அக்காலத்தில் இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ராணுவத்தில் சேர அவர் விண்ணப்பித்தார். முறிந்த எலும்புகள் சரியாகக் கூடவில்லை என்று காரணம் கூறி அவரை மறுத்துவிட்டனர். ராணுவத்துக்கு உதவாத உடம்பு என்று ஒதுக்கப்பட்டவர்தாம் பின்னர்ப் பதினெட்டுப் பருவங்கள் பனித்தரையில் யாரும் தடுக்கவியலாத ஆட்டக்காரராக விளங்கினார்.

1942ஆம் ஆண்டில் மாண்ட்ரியாலின் புகழ்பெற்ற கனேடியன்ஸ் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. அவ்வாண்டிலும் பதினாறு ஆட்டங்கள் ஆடியவுடன் மீண்டும் கால் முறிந்தது. இவர் கண்ணாடிப் பொம்மையைப் போன்றவர், நெடுநாள் தாங்கமாட்டார் என்றே பலரும் கருதினர். ஆயினும் பயிற்சியாளர் டிக் இர்வின் நம்பிக்கை இழக்கவில்லை. இடக்கை ஆட்டக்காரரான ரிஷாரை வலப்புறச் சிறகில் நிறுத்திப் பார்த்தார். அதனால் கோலை நோக்கி வட்டை அடிக்கும் கோணம் அவருக்கு விரிந்து கிடைத்தது. 1943ஆம் ஆண்டில் ரிஷாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது அதன் எடை 9 பவுண்டு. அம்மகிழ்ச்சியில், அதுவரை 15ஆம் எண் பொறித்த சட்டையை அணிந்தவர் 9ஆம் எண்ணைக் கேட்டுப் பெற்றார். பின்னாளில் கியூபெக் மாகாணத்துச் சிறுவர் அனைவரும் தம் முதுகில் அணிய ஏங்கிய எண் அதுவே.

அவருடைய வேகத்தைக் கண்டு அணித்தோழர்கள் அவருக்கு ராக்கெட் என்று பெயரிட்டனர். 1944ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் தேதி டொரான்டோ அணியை எதிர்த்து நடந்த ஆட்டத்தில், 5-க்கு 1 என்ற கணக்கில் மாண்ட்ரியால் வென்றது. அந்த ஐந்து கோல்களையும் போட்டவர் ரிஷார் ஒருவரே. ஆட்டம் முடிந்ததும் சிறந்த ஆட்டக்காரர் மூவரின் பெயர்களை அறிவிப்பது வழக்கம். அன்றைய தினம் மூன்று இடங்களுக்கும் அறிவிக்கப்பட்டது ரிஷாரின் பெயரே. அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் தேதி, அவர் பகலெல்லாம் வீடு மாற்றும் வேலையில் பியானோ முதலிய கனத்த சாமான்களைச் சுமந்து களைத்து வந்தார். அன்றிரவு டெட்ராயிட் அணிக்கு எதிராக ஐந்து கோல்கள் போட்டதோடு, மேலும் மூன்று கோல்களுக்குத் துணை புரிந்தார். அதே பருவத்தில், ஏர்ல் சீபர்ட் என்னும் பருத்த உடல்வாகு கொண்ட எதிரணித் தடுப்பாளர் முதுகின்மேல் தொற்றிக்கொண்டிருக்க, அவரையும் சுமந்துகொண்டே சென்று கோல் போட்டார் என்பது இன்றும் பேசப்படும் செய்தியாகும்.

அந்த 1944-45 பருவம்தான் அவர் பெயரை நிலைநிறுத்தியது. ஒரு பருவத்துக்கு அப்போது 50 ஆட்டங்கள். அந்த 50 ஆட்டங்களில் 50 கோல்கள் போட்டார் ரிஷார். ஐம்பதாவது கோல் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் வந்தது. அதற்கு முன்னர் 1917-18ஆம் பருவத்தில் ஜோ மலோன் போட்ட 44 கோல்களே உச்ச எண்ணிக்கையாக இருந்தது. நல்ல ஆட்டக்காரர் பலர் போர்முனைக்குச் சென்றிருந்ததால் இது எளிதாயிற்று என்று குறை கூறியோரும் உண்டு. அவர்களுக்குக் காலமே விடை கூறியது. போர் முடிந்து அனைவரும் திரும்பிய பின்னரும் அவர் முதல் வரிசையிலேயே நின்றார். 1947ஆம் ஆண்டில் சங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருது அவருக்குக் கிடைத்தது. ஐம்பது ஆட்டங்களில் ஐம்பது கோல் என்னும் அருஞ்செயலை மைக் பாஸி என்பவர் மீண்டும் நிகழ்த்த 1981ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1952ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி நடந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். பாஸ்டன் அணியுடன் அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். மோதலில் தலை அடிபட்டு ரிஷார் நினைவிழந்தார். நெற்றியில் தையலிட்டுக் கட்டுப் போட்டார்கள். கடைசிப் பகுதியில் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக நிற்கையில் அவர் மீண்டும் களத்தில் இறங்கினார்; எதிரணியினரைத் தாண்டிச் சென்று வெற்றிக் கோலைப் போட்டார். ஆட்டம் முடிந்தபின் முகத்தில் இரத்தம் வழிய அவரும், வீங்கிக் கறுத்த கண்ணுடன் பாஸ்டன் கோல் காவலர் ஜிம் ஹென்றியும் கைகுலுக்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. இன்றைய மருத்துவ அறிவைக் கொண்டு பார்த்தால், தலையில் அடிபட்டு நினைவிழந்தவரை மீண்டும் களத்துக்கு அனுப்புவது மிகவும் ஆபத்தான செயல். அந்நாளில் அதனை வீரம் என்றே போற்றினார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் மாதம் கனடாவில் இவ்வாட்டம் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. பிரெஞ்சு மொழியில் அதனை வருணித்தவர் ரெனே லெகவாலியே. அதுவரை பிரெஞ்சு மொழியினரும் இவ்வாட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலச் சொற்களையே பெரும்பாலும் கலந்து பேசி வந்தனர். ரப்பர் வட்டுக்கு ரோந்தெல் என்றும், மற்றவற்றுக்கு அவ்வாறே ஏற்ற சொற்களும் வழங்கி, அழகிய தூய மொழியில் ஆட்டத்தை வருணித்தார் அவர். வாரந்தோறும் அவர் குரலைக் கேட்ட மக்கள், தம் மொழியில் இதனையெல்லாம் சொல்ல முடியும் என்று கண்டுகொண்டனர். ஆட்ட வருணனையை வானொலியில் தமிழில் கேட்டு மகிழ்ந்தவர்களுக்கு இதன் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை.

ரிஷார் அணியில் சேர்ந்தபோது அவருக்கு ஆங்கிலம் மிகச் சிறிதே தெரியும். எதிரணியினர் அவரை மட்டையால் அடித்தும், ஆடையைப் பற்றி இழுத்தும், அவருடைய இனத்தைக் குறித்து இழிசொல் கூறியும் சினமூட்டுவது வாடிக்கையாக இருந்தது. அவரும் பொறுமைசாலி அல்லர். சினம் மூண்டால் கைகலப்பில் இறங்கிவிடுவார். பலமுறை அபராதம் செலுத்தியிருக்கிறார். தேசிய ஹாக்கி சங்கத்தின் தலைவராக இருந்தவர் கிளாரன்ஸ் காம்பெல் என்னும் ஆங்கில மொழியினர், சட்டம் பயின்றவர். ஒரு பத்திரிகையில் ரிஷாரின் பெயரில் வாரந்தோறும் கட்டுரை வெளிவந்தது. அதில், காம்பெல் பிரெஞ்சு மொழியினரை ஒரு கண்ணாலும் மற்றவரை வேறொரு கண்ணாலும் பார்க்கிறார் என்று கண்டித்து, அவரைச் சர்வாதிகாரி என்றும் ரிஷார் எழுதினார். உடனே மன்னிப்புக் கேட்கவும், 1,000 டாலர் ஈடு கட்டவும், கட்டுரை எழுதுவதை நிறுத்தவும் நேர்ந்தது. தமக்காகப் பேசிய ஒரே குரலும் அடக்கப்பட்டது என்று மக்கள் கருதினர்.

1955ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் தேதி பாஸ்டன் நகரில் நடந்த ஆட்டத்தில் நெருப்புப் பற்றியது. ஹால் லேகோ என்ற பாஸ்டன் ஆட்டக்காரரின் மட்டை ரிஷாரின் தலையில் பட்டு இரத்தம் பெருகியது. வெகுண்ட ரிஷார் தம் மட்டையால் லேகோவைத் தாக்கினார். தடுக்க வந்த கோட்டு நடுவர் கிளிஃப் தாம்சனையும் கையால் குத்திவிட்டார். அடிபட்ட மயக்கத்தில் அவரை எதிரணி ஆட்டக்காரர் என்று எண்ணிவிட்டதாக ரிஷார் விசாரணையில் கூறினார். ஆனால், முந்திய டிசம்பர் மாதத்தில்தான் டொரான்டோவில் மற்றொரு கோட்டு நடுவரைக் கையுறையால் அடித்து அபராதம் செலுத்தியிருந்தார். மார்ச்சு 16ஆம் தேதி காம்பெல் தீர்ப்பளித்தார்: அப்பருவத்தில் எஞ்சிய மூன்று ஆட்டங்களிலும், அடுத்து வரும் கோப்பைத் தொடர் முழுவதிலும் ரிஷார் ஆடக் கூடாது.

நடுவரைத் தாக்கியது பெருங்குற்றமே; அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. நடுவருக்குக் காப்பு இல்லையேல் ஆட்டமே இல்லை. ஆயினும், மாண்ட்ரியால் மக்கள் குற்றத்தை மட்டும் பார்க்கவில்லை. சங்கத்தில் மிகுதியான புள்ளிகள் பெற்றவருக்குரிய விருது ரிஷாருக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. அவ்வாண்டில்தான் அவர் முதலிடத்தில் இருந்தார். கோப்பையும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆங்கிலப் பெயர் கொண்ட ஒருவராயின் இத்தண்டனை கிடைத்திருக்குமா என்று தெருவெங்கும் கேட்டனர். இக்கேள்விக்கு உறுதியான விடை கிடையாது. ஆனால் அத்தகைய கேள்வி ஒரு நகரம் முழுவதும் ஒரே நாளில் எழுகிறது என்றால், அது ஹாக்கியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று என்பது தெளிவு.

மறுநாள், மார்ச்சு 17ஆம் தேதி இரவு, மாண்ட்ரியாலின் ஃபோரம் அரங்கில் டெட்ராயிட் அணியுடன் ஆட்டம். வரவேண்டாம் என்று எச்சரிக்கைகள் விடுக்கப்பட்ட போதிலும் காம்பெல் வந்து தம் இருக்கையில் அமர்ந்தார். தக்காளியும் முட்டையும் அவர்மீது மழையெனப் பொழிந்தன. ஒருவன் கைகுலுக்குவது போல வந்து கன்னத்தில் அறைந்தான். முதல் பகுதி ஆட்டம் முடிந்த வேளையில் கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று அரங்கினுள் வெடித்தது. தீயணைப்புத் தலைவர் அரங்கைக் காலி செய்ய ஆணையிட்டார். 4-க்கு 1 என்று முன்னின்ற டெட்ராயிட் அணிக்கே வெற்றி அளிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் வெளியே திரண்டு, செயின்ட் காதரின் தெரு நெடுகக் கடைக் கண்ணாடிகளை உடைத்தும் பொருள்களைச் சூறையாடியும் நள்ளிரவு கடந்தும் ஆர்ப்பரித்தனர். நல்வேளையாக உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. பலர் காயமுற்றனர், பலர் கைதாயினர். சேதம் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்டது.

அன்றிரவு அரங்கில் ஒரு மூலையில் அமர்ந்து ரிஷாரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் பெயரைக் கூவிக்கொண்டு ஒரு நகரம் எரியத் துணிவதைக் கண்டு அவர் உள்ளம் கலங்கியது. மறுநாள் மாலை, வானொலியின் முன்னும் தொலைக்காட்சியின் முன்னும் அமர்ந்து, முதலில் பிரெஞ்சு மொழியிலும் பின்னர் ஆங்கிலத்திலும் மக்களிடம் பேசினார். அவர் நாவன்மை பெற்றவர் அல்லர். தமக்கு அளித்த தண்டனையைத் தாம் ஏற்றுக்கொள்வதாகவும், யாரும் மேற்கொண்டு கலகம் செய்யலாகாது என்றும், அடுத்த ஆண்டு திரும்பிவந்து கோப்பையை வெல்லத் தோழர்களுக்குத் துணை நிற்பதாகவும் சுருக்கமாகக் கூறினார். அவ்வளவே! மாண்ட்ரியால் அமைதியுற்றது. போலீசாரின் தடியும் புகைக்குண்டும் செய்யவியலாததை, மக்கள் தம்மவர் என்று கருதிய ஒருவரின் சில சொற்கள் வானொலி வழியே செய்து முடித்தன.

அவ்வாண்டில் இழப்புக்கு மேல் இழப்பாகவே வந்தது. ரிஷார் 74 புள்ளிகளுடன் நிற்க, அவருடைய அணித்தோழர் பெர்னி ஜெஃப்ரியான் 75 புள்ளிகள் பெற்று விருதை அடைந்தார். அவரும் பிரெஞ்சு மொழியினரே. ஆயினும் ரிஷாரை முந்திவிட்டார் என்பதற்காகச் சொந்த ஊர் மக்களே அவரை இகழ்ந்து கூச்சலிட்டனர். சினம் கொண்ட கூட்டத்துக்கு நண்பர் யார், பகைவர் யார் என்பது தெரிவதில்லை என்பதற்கு இதுவே சான்று. கோப்பையை டெட்ராயிட் அணி ஏழாவது ஆட்டத்தில் வென்றது.

ஆனால், ரிஷார் வானொலியில் கொடுத்த வாக்கு பொய்க்கவில்லை. பழைய தோழர் டோ பிளேக் பயிற்சியாளராக வந்தார். ரிஷாரின் இளைய சகோதரர் ஆன்றியும் அணியில் சேர்ந்தார். 1956ஆம் ஆண்டில் மாண்ட்ரியால் ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1960ஆம் ஆண்டு வரையில் தொடர்ந்து ஐந்து முறை வென்றது. இன்றளவும் வேறெந்த அணியும் தொடர்ந்து ஐந்து முறை அக்கோப்பையை வென்றதில்லை. 1956 முதல் அணியின் தலைமைப் பொறுப்பும் ரிஷாரிடமே இருந்தது. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் தேதி அவர் 500ஆவது கோலைப் போட்டார். அந்த எண்ணை எட்டிய முதல் ஆட்டக்காரர் அவரே. அடுத்த மாதத்தில் குதிகால் நரம்பு அறுந்து, மாதக்கணக்கில் ஆட இயலாது போயிற்று. முப்பத்தாறு வயதில் இனித் திரும்பமாட்டார் என்று எண்ணியோர் வியக்கும்படி, திரும்பிவந்து அப்பருவத்துக் கோப்பைத் தொடரில் 11 கோல்கள் போட்டார்.

1960ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி அவர் ஓய்வு பெற்றார். 978 ஆட்டங்களில் 544 கோல்கள். கோப்பைத் தொடர்களில் மேலும் 82 கோல்கள். எட்டு முறை ஸ்டான்லி கோப்பை. இதுவே அவர் விட்டுச் சென்ற கணக்கு. பெருவீரர் அரங்கில் இடம்பெற ஓய்வுக்குப் பின் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, 1961ஆம் ஆண்டிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டனர். 544 என்ற எண்ணிக்கையை 1963ஆம் ஆண்டில் கார்டி ஹோ கடந்தார். எண்ணிக்கைகள் ஒருநாள் கடக்கப்படுவது இயல்பே. ரிஷாரின் இடம் எண்ணிக்கையால் மட்டும் அமைந்ததன்று.

1955ஆம் ஆண்டுக் கலவரம் முடிந்த சில நாட்களில், ஆந்திரே லோராந்தோ என்னும் பத்திரிகையாசிரியர் மாண்ட்ரியாலின் பிரெஞ்சு நாளேடான ல தெவுவாரில் ஒரு கட்டுரை எழுதினார். கூட்டத்தைக் கிளர்ந்தெழச் செய்தது ஆட்டப் பித்து மட்டுமன்று, தேசிய உணர்வும் ஆகும் என்பது அவர் கருத்து. 1960ஆம் ஆண்டில் கியூபெக் மாகாணத்தில் ஆட்சி மாறியது. கல்வி, தொழில், மொழி ஆகிய துறைகளில் பெருமாற்றங்கள் தொடங்கின. அவற்றை அமைதிப் புரட்சி என்று வழங்குகின்றனர். இருமொழி நிலையை ஆராய 1963ஆம் ஆண்டில் கனடா அரசு அமைத்த ஆணையத்தின் இருதலைவர்களில் ஒருவராக அதே லோராந்தோ நியமனம் பெற்றார். கியூபெக்கில் வாழ்ந்த பதினான்கு இனக்குழுக்களில், வருமானத்தில் பிரெஞ்சு மொழியினர் பன்னிரண்டாம் இடத்தில் நின்றனர் என்பதை 1961ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலிருந்து அவ்வாணையம் எடுத்துக்காட்டியது. பெரும்பான்மையினரே ஏழ்மையில் இருந்தனர்! 1969ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் கனடாவின் ஆட்சிமொழிகள் ஆக்கியது. 1977ஆம் ஆண்டில் கியூபெக் மாகாணம் பிரெஞ்சு மொழிச் சாசனத்தை இயற்றித் தொழிலகங்களிலும் கடைகளிலும் அம்மொழிக்கு உரிய இடத்தை உறுதி செய்தது.

இவையனைத்தும் ஒரு ஹாக்கிக் கலவரத்தால் விளைந்தன என்று கூறுவது மிகையாகும். பல்லாண்டுகளாகப் பலர் உழைத்ததன் பயன் அது. ஆயினும், உள்ளே புகைந்துகொண்டிருந்ததை வெளியே காட்டிய முதல் சுடர் அன்றைய இரவே என்று வரலாற்றாசிரியர் பலர் குறிப்பிடுகின்றனர். ரிஷாரோ, தாம் ஓர் ஆட்டக்காரரே அன்றி வேறல்லர் என்றே வாழ்நாள் முழுவதும் கூறிவந்தார். எந்தக் கொடியையும் அவர் தேடிச் சென்று ஏந்தவில்லை. மக்களே அதனை அவர் கையில் கொடுத்தனர்.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் சிந்திக்கத் தக்கது ஒன்று உண்டு. நாம் பிழைப்பை நாடி நம் ஊரை விட்டு வந்தவர்கள். கடையிலும் அலுவலகத்திலும் பிறர் மொழியைக் கற்றுப் பேசுவது நாம் விரும்பி ஏற்ற கடமை. அதில் தாழ்வு இல்லை. கியூபெக் மக்களின் நிலை அத்தகையதன்று. அவர்கள் எங்கும் செல்லவில்லை. தம் மண்ணிலேயே அயலார் போல வாழ நேர்ந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறத்தல் கூடாது. நாம் குடியிருக்கும் ஊரின் மொழி அவ்வூராருக்கு உயிரன்ன பொருள் என்பதை உணர்ந்து அதனை மதித்துக் கற்பதும், நம் மக்களுக்கு வீட்டில் தமிழைப் புகட்டுவதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. ரிஷாரே இதற்கு எடுத்துக்காட்டு. அவர் ஆங்கிலத்தையும் கற்றார். கலக நாளுக்கு மறுநாள் இரு மொழியிலும் பேசினார். ஆனால் முதலில் பேசியது தாய்மொழியில்.

ஓய்வுக்குப் பின் அவர் வாழ்வு எளிமையானது. சிறிது காலம் அணியின் அலுவலகத்தில் இருந்தார். பெயரளவுப் பதவி பிடிக்காமல் விலகினார். எரிஎண்ணெய் விற்றார், தூண்டில் நூல் வியாபாரம் செய்தார். 1996ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் தேதி பழைய ஃபோரம் அரங்கில் கடைசி ஆட்டம் நடந்தபோது அவரை மேடைக்கு அழைத்தனர். மக்கள் எழுந்து நின்று செய்த ஆரவாரம் பல நிமிஷங்கள் ஓயவில்லை. போதும் என்று அவர் கையசைத்துக் கேட்டுக்கொண்டார்; கண்களில் நீர் பெருகியது. அன்று அரங்கில் இருந்தோரிற் பலர் அவர் ஆடியதைக் கண்ணால் காணாத இளைஞர்கள். 1999ஆம் ஆண்டு முதல், ஒரு பருவத்தில் மிகுதியான கோல் போடுபவருக்கு அவர் பெயரால் விருது வழங்கப்படுகிறது.

2000ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் தேதி மோரீஸ் ரிஷார் புற்றுநோயால் காலமானார். அரங்கில் வைக்கப்பட்ட அவருடைய உடலுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். நோத்ர தாம் பேராலயத்தில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. ஆலயத்தை நோக்கிச் சென்ற ஊர்வலம் செயின்ட் காதரின் தெரு வழியாகவே சென்றது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவர் பெயரைக் கூவிக் கண்ணாடிகளை உடைத்த அத்தெருவின் இருமருங்கிலும் மக்கள் அமைதியாக நின்றனர். பலருடைய முதுகில் 9ஆம் எண் இருந்தது.